ஓடுகிற ஏசி, எரிகிற பாய்லர்: பராமரிப்பால் மின்சாரம் எங்கே மிச்சமாகிறது?

கேள்வி இதுதான்: வீட்டில் ஏசியும் ஹீட்டரும் பழுதில்லாமல் ஓடுகின்றன. அப்படியிருக்க, ஆண்டுதோறும் சர்வீஸ் செய்தால் கரண்ட் பில் உண்மையிலேயே குறையுமா? குறையும் என்றால் எந்த வேலையால் குறைகிறது, அதில் நாமே செய்யக்கூடியது எது?

குறையும். ஆனால் சர்வீஸ் என்ற பெயரில் நடக்கிற எல்லா வேலையாலும் குறையாது. காற்றும் தண்ணீரும் போகிற பாதையை அடைப்பில்லாமல் வைத்திருக்கும் வேலைகள்தான் மிச்சம் பிடித்துத் தருகின்றன. மேலோட்டமாகத் துடைத்துவிட்டு, கேஸ் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் போவதால் பெரும்பாலும் பயனில்லை. சில சமயம் கெடுதலும் உண்டு.

"பழுதில்லாமல் ஓடுகிறது" என்று நாம் நினைப்பதில்தான் சிக்கலே இருக்கிறது. விளக்கு கெட்டால் அணைந்துவிடும், உடனே தெரியும். பாதி அடைத்துக்கொண்ட ஏசியோ அறையைக் குளிர்விக்கத்தான் செய்யும். முன்பு இருபது நிமிடத்தில் குளிர்ந்த அறைக்கு இப்போது நாற்பது நிமிடம் ஆகும், அவ்வளவுதான். அந்தக் கூடுதல் நேரம் நம் கண்ணில் படாது, மீட்டரில் மட்டும் ஏறும். தன் குறையை மின்சாரத்தைக் கொண்டு ஈடுகட்டிக்கொள்ளும் இயந்திரம் இது. அதனால் பழுதாகும் வரை காத்திருந்தால், அதற்குள் பல மாதச் செலவு வீணாகியிருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஏசி செய்வது ஒரே வேலை: அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய் விடுகிறது. உள்ளே ஒரு காயில் (மெல்லிய தகடுகள் செருகிய குழாய்ச் சுருள்), வெளியே ஒரு காயில், நடுவே கேஸைச் சுழற்றும் கம்ப்ரஸர். வெளியே 35 டிகிரி வெயில் அடிக்கும்போது, வெளிக்காயில் 45, 50 டிகிரிக்குச் சூடானால்தான் அதிலிருந்து வெப்பம் காற்றில் இறங்கும். உள்காயில் 8, 10 டிகிரிக்குக் குளிர்ந்தால்தான் அறையின் வெப்பத்தை அது வாங்கிக்கொள்ளும். கம்ப்ரஸர் உழைப்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கடப்பதற்குத்தான். அந்த இடைவெளி ஒரு டிகிரி கூடினால் மின்செலவு 2 முதல் 4 சதவீதம் கூடும் என்பது குளிர்சாதனத் தொழிலில் எல்லோரும் கையாளும் கணக்கு. தூசியால் உள்காயில் 5 டிகிரி கூடுதலாகக் குளிர வேண்டியிருக்கிறது, அழுக்கால் வெளிக்காயில் 5 டிகிரி கூடுதலாகச் சூடாக வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 10 டிகிரி. அதே குளிருக்கு 20 சதவீதத்துக்குக் குறையாமல் கூடுதல் மின்சாரம் போகிறது. இத்தனைக்கும் ஒரு பாகம்கூடக் கெடவில்லை.

ஆகவே முதல் வேலை ஃபில்டர். அடைத்த ஃபில்டரை மாற்றிச் சுத்தமான ஒன்றைப் போட்டாலே ஏசியின் மின்செலவு 5 முதல் 15 சதவீதம் குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. காசு செலவில்லாமல், கருவி எதுவும் இல்லாமல், ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இவ்வளவு பலன் வேறெங்கும் கிடைக்காது. சுவரில் மாட்டும் ஏசியில் முன்மூடியைத் தூக்கினால் வலை போன்ற ஃபில்டர் கையோடு வரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் மங்கலாகத் தெரிந்தால் கழுவ வேண்டிய நேரம். கழுவும்போது தூசி படிந்த பக்கத்தில் தண்ணீரை அடிக்காதீர்கள். தூசி வலைக்கண்ணுக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். பின்பக்கத்திலிருந்து அடித்தால் வந்த வழியே வெளியேறும். நிழலில் நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் அடுத்த தூசி ஒட்டிக்கொள்ளும், வாடையும் வரும். தினமும் ஓடும் காலத்தில் மாதம் ஒரு முறை போதும். வீட்டில் செல்லப்பிராணி இருந்தாலோ, புழுதி அதிகமுள்ள இடமாக இருந்தாலோ இரண்டு வாரம்.

டக்ட் (பெரிய காற்றுக்குழாய்) வழியாக வீடு முழுக்கக் காற்று போகும் அமைப்பில் பெரும்பாலும் ஃபில்டரைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். அங்கே ஒரு எச்சரிக்கை. நுண்துகளையும் பிடிக்கும் அடர்த்தியான ஃபில்டர் நல்லது என்று பலர் வாங்கிப் போடுகிறார்கள். அந்த இயந்திரத்தில் காற்றைத் தள்ளும் ப்ளோயர் அதற்கேற்ற வலுவோடு செய்யப்படவில்லை என்றால், புது ஃபில்டரே அடைத்த ஃபில்டர் போல நடந்துகொள்ளும். கையேட்டில் எந்த அளவு வரை போடலாம் என்று இருக்கும். அதைத் தாண்ட வேண்டாம்.

ஃபில்டரைத் தாண்டிப் போகிற மெல்லிய தூசி எங்கே போகிறது என்பதைப் பலர் பார்த்ததே இல்லை. ஏசியை அணைத்து, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, காற்று வெளிவரும் பிளவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நீளமான உருளை ஒன்று தெரியும். அதுதான் ப்ளோயர் சக்கரம். அதன் ஒவ்வொரு இதழும் லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவுதான் காற்றை அள்ளித் தள்ளுகிறது. சில ஆண்டுகள் கவனிக்காத ஏசியில் அந்த வளைவு முழுக்கக் கறுத்த, கம்பளி மாதிரியான தூசி அடைந்து, இதழ்கள் தட்டையாகிவிட்டிருக்கும். மோட்டார் அதே வேகத்தில் சுற்றும், காற்று பாதிதான் வரும். ஃபில்டரை ஒழுங்காகக் கழுவியும் "காற்று முன்பு போல் வரவில்லை" என்றால் காரணம் பெரும்பாலும் இங்கேதான். இதைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். மின்பலகையை மூடி, கீழே பை கட்டி, உருளையையும் காயிலையும் முழுதாகக் கழுவுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பைக்குள் வடிகிற தண்ணீரின் நிறமே வேலை நடந்ததா இல்லையா என்று சொல்லிவிடும்.

இதைக் கழுவ எந்தத் திரவத்தைப் பயன்படுத்துகிறார் என்றும் கேளுங்கள். காயிலின் குழாய் பெரும்பாலும் செம்பு, அதன்மேல் உள்ள மெல்லிய தகடுகள் அலுமினியம். அமிலம் கலந்த கிளீனர் அழுக்கை வேகமாக எடுக்கும், கூடவே தகட்டையும் அரிக்கும். காயில் பக்கத்தில் வினிகர் தெளிப்பதும் வேண்டாம். இத்தகைய கரிம அமிலங்களின் ஆவி செம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளைக் குடைந்து கேஸ் கசிய வைக்கும். ஏசிக்கென்று விற்கும், அமிலமில்லாத கிளீனரும் நல்ல தண்ணீருமே போதும்.

உள்காயிலில் வடிகிற தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப்பையும் அப்போதே ஊதச் சொல்லுங்கள். பாசி அடைத்தால் தண்ணீர் அறைக்குள் சொட்டும் என்பது தெரிந்ததே. அந்தத் தண்ணீரில் இன்னொரு சேதியும் இருக்கிறது. காற்றிலிருந்து ஒரு லிட்டர் ஈரத்தைத் தண்ணீராக்க, ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை ஏசி வெளியேற்ற வேண்டும். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக ஈரக்காற்று நுழைந்துகொண்டே இருந்தால், ஏசி அறையைக் குளிர்விப்பதை விட்டுத் தண்ணீர் இறைக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டையும் ஏசி பராமரிப்பில் சேர்த்திதான்.

வெளி யூனிட்டில் செய்ய வேண்டியது சுருக்கம். அதைச் சுற்றி இரண்டடி இடம் காலியாக இருக்கட்டும்; செடி, அட்டைப்பெட்டி, காயப்போட்ட துணி எதுவும் வேண்டாம். கம்பி ஜாலிக்குள் பெட்டி மாதிரி அடைத்து வைத்தால், தான் தள்ளிய சூடான காற்றையே அது திரும்ப இழுத்துக்கொள்ளும். காயிலைக் குறைந்த வேகத் தண்ணீரால், முடிந்தால் உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுங்கள். வேகமான ஜெட்டை நேராக அடித்தால் தகடுகள் மடங்கிப் பாதை நிரந்தரமாக அடைபடும். கடலோரத்தில் உப்புப் படியும் என்பதால் அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுவது அவசியம்.

இனி கேஸ். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏசியில் உள்ள கேஸ் எரிபொருள் கிடையாது. ஓட ஓடத் தீர்ந்துபோகாது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் ஆவியாகி, மறுபடி திரவமாகி, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை "கேஸ் குறைந்திருக்கிறது, ஏற்ற வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அல்லது குறையவே இல்லை என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் ஏற்றும் கேஸ் அதே வழியில் போய்விடும். வெளியே போனால் சும்மாவும் போவதில்லை. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 என்ற கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ்தான் அதை உலகம் படிப்படியாகக் கைவிட்டு வருகிறது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் ஒரு கிலோ கசிந்தால் இரண்டாயிரம் கிலோவுக்கும் மேலான கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். இப்போது பரவியிருக்கும் ஆர்-32இல் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

கசிவு பெரும்பாலும் குழாய்கள் சேரும் ஃப்ளேர் நட் இருக்குமிடத்தில்தான் தொடங்கும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா பாருங்கள். கம்ப்ரஸரின் எண்ணெய் கேஸோடு சேர்ந்து சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசிந்து தூசியைப் பிடித்து வைத்திருக்கும். ஒழுங்காக வேலை தெரிந்தவர் முதலில் நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி, சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடிப்பார். அடைத்த பிறகு வேக்யூம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுவதும் உறிஞ்சுவார். அந்த வேக்யூம் இறங்காமல் நிற்கிறதா என்று சிறிது நேரம் பார்ப்பார். கடைசியாக, யூனிட்டின் மேல் ஒட்டியிருக்கும் பட்டையில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ, அத்தனையைத் தராசில் சிலிண்டரை வைத்து எடைபோட்டு ஏற்றுவார். அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளை மட்டும் பார்த்து "போதும்" என்று நிறுத்துவது கண்மதிப்பு. கேஸ் குறைந்தாலும் மின்சாரம் வீண், கூடினாலும் வீண்.

இன்வெர்ட்டர் ஏசி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய ஏசியில் கம்ப்ரஸர் ஓடும், நிற்கும். ஓயாமல் ஓடினால் ஏதோ கோளாறு என்று தெரியும். இன்வெர்ட்டரோ தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். கேஸ் சற்றுக் குறைந்தாலும், காயில் அழுக்கானாலும், வேகத்தைக் கூட்டி அறையைக் குளிர்வித்துவிடும். நமக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மிச்சம் பிடிக்க வாங்கிய மெஷின் மிச்சம் பிடிப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ஏசி முழு வேகத்தில் பதினைந்து நிமிடம் ஓடட்டும். உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் வெளிவிடும் காற்றின் வெப்பநிலையையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் பொதுவாக 8 முதல் 12 டிகிரிக்குள் இருக்கும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் குறையும், அதனால் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்ட வேண்டாம். சர்வீஸ் முடிந்த மறுநாள் ஒரு முறை, பிறகு மாதாமாதம் அதே நேரத்தில் ஒரு முறை எழுதி வைத்தால் போதும். எண் சரியும்போது காற்றின் வேகம் நன்றாகவே இருந்தால் கேஸைச் சந்தேகப்படலாம். காற்றும் குறைந்து, வெளிவரும் காற்று மட்டும் முன்பைவிடச் சில்லென்றிருந்தால் ஃபில்டரோ காயிலோ ப்ளோயரோ அடைத்திருக்கிறது. கேஸ் ஏற்ற வேண்டும் என்று யாராவது சொல்லும்போது இந்தக் குறிப்பு கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும்.

குளிர்காலப் பக்கம் வருவோம். எரிவாயு பாய்லர் தண்ணீரைச் சூடாக்கி, ரேடியேட்டர் என்ற சுவரோர உலோகப் பலகைகள் வழியே சுற்றவிட்டு அறையைச் சூடாக்கும் வீட்டில் முதல் சோதனை கை வைத்துப் பார்ப்பதுதான். ரேடியேட்டரின் மேல்பாதி குளிர்ந்தும் கீழ்பாதி சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைந்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, சாவியால் மேல்மூலைத் திருகை லேசாகத் திறந்து, சீறும் காற்று நின்று தண்ணீர் வரத் தொடங்கியதும் மூடுங்கள். பிறகு பாய்லரின் அழுத்தமானியைப் பாருங்கள். மூடிய அமைப்பில், ஆறிய நிலையில், 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் தண்ணீர் ஏற்றுங்கள். மாறாகக் கீழ்ப்பாதி குளிர்ந்திருந்தால் அது இரும்பு அரித்த கறுப்புச் சேறு. காற்றைத் திறந்துவிட்டுச் சரியாகாது. ஆள் வைத்து அலசி, அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் கலக்க வேண்டும்.

கண்டென்ஸிங் பாய்லராக இருந்தால், கருவியே இல்லாமல் மிச்சம் பிடிக்கும் வழி ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. இயற்கை எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. எரிவாயுவின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்த நீராவியில் ஒளிந்திருக்கிறது. அதைத் திரும்பப் பிடிப்பதற்காகத்தான் கண்டென்ஸிங் பாய்லரையே செய்தார்கள். ஆனால் ரேடியேட்டர்களிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த நீராவி தண்ணீராகும். பாய்லரை 75, 80 டிகிரியில் வைத்தால் திரும்பி வரும் தண்ணீரே அதைவிடச் சூடாக இருக்கும். அந்தப் பத்தில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். ஹீட்டிங்குக்கான வெப்பநிலையை 60 அல்லது அதற்கும் கீழே இறக்கிப் பாருங்கள். அறை சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். கடுங்குளிர் நாளில் போதவில்லை என்றால் அன்றைக்கு மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். வெந்நீர்த் தொட்டிக்கு மட்டும் இதைச் செய்யக்கூடாது. லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்கத் தொட்டியில் 60 டிகிரி வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள்.

எரிபொருள் எரிக்கும் எந்த ஹீட்டருக்கும் ஆண்டுச் சோதனை கட்டாயம். இதில் மிச்சக் கணக்குப் பார்க்கவே கூடாது. அரைகுறையாக எரிந்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். கேஸ் சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாகச் சோர்ந்து எரிந்தாலோ, சுற்றிலும் கரி படிந்தாலோ, ஹீட்டர் ஓடும்போது மட்டும் எல்லோருக்கும் தலைவலி வந்தாலோ, உடனே அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டியே ஆக வேண்டும். குளிர் வருகிறதே என்று காற்றுத் துவாரத்தைத் துணி வைத்து அடைப்பது இதே ஆபத்தில்தான் கொண்டுபோய் விடும்.

ஹீட் பம்ப் என்பது திசை மாற்றி ஓடும் ஏசி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தரும், காரணம் அது வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை அள்ளி வருகிறது. சாதாரண மின்ஹீட்டர் ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். ஃபில்டர், காயில், கேஸ் பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். குளிரில் வெளி யூனிட்டில் பனி படிவதும், அவ்வப்போது தானாக உருக்கிக்கொள்ளும்போது ஆவி கிளம்புவதும் இயல்பு. பனி கட்டியாகி மணிக்கணக்கில் உருகாமல் நின்றால் கோளாறு. கத்தியால் கொத்தாதீர்கள், தகடும் குழாயும் கிழியும். துணை மின்ஹீட்டர் சேர்ந்த ஹீட் பம்ப்பில், இரவில் வெப்பநிலையை அதிகம் இறக்கிக் காலையில் ஒரேயடியாக ஏற்றுவதும் வேண்டாம். அவசரத்தைச் சமாளிக்க அந்த மின்ஹீட்டர் ஓடத் தொடங்கி, இரவு மிச்சமானதை விழுங்கிவிடும்.

டக்ட் உள்ள வீடுகளில் அதன் இணைப்புகள் வழியே 20 முதல் 30 சதவீதக் காற்று கசிந்து வீணாவது சாதாரணமாகக் காணப்படுகிறது. மாடியிலோ தரைக்கடியிலோ உள்ள இணைப்புகளில் கை வைத்துக் காற்று வருகிறதா பாருங்கள். அடைக்க மாஸ்டிக் பசையோ அலுமினிய ஃபாயில் டேப்போ வாங்குங்கள். துணியும் ரப்பர்ப் பசையும் சேர்ந்த, டக்ட் டேப் என்றே விற்கும் பட்டை இதற்கு ஆகாது. 1998இல் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் பலவகை டேப்புகளைச் சோதித்தபோது டக்ட் கசிவை அடைக்க முடியாமல் தோற்றது அதுதான்.

மின்விசிறி பற்றி ஒரு வரி. அது அறையைக் குளிர்விக்காது, நம் உடம்பைத்தான் குளிர்விக்கும். அது சுற்றும்போது ஏசியை 2 டிகிரி ஏற்றி வைத்தாலும் அதே சுகம் இருக்கும்; ஆள் இல்லாத அறையில் சுற்றினால் வீண்.

நாமே செய்யக்கூடியவை: ஃபில்டர், வெளி யூனிட்டைச் சுற்றியுள்ள இடம், இடுக்கு அடைப்பது, ரேடியேட்டர் காற்று, வெப்பநிலைக் குறிப்பு. கேஸ், எரியும் பாகங்கள், மின்பெட்டி ஆகிய மூன்றிலும் கை வைக்க வேண்டாம். மின்சாரத்தை அணைத்த பிறகும் வெளி யூனிட்டின் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்னேற்றம் வைத்திருக்கும். ஆளைக் கூப்பிடுவதானால் பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கூப்பிடுங்கள், நெரிசல் இல்லாத நேரத்தில் நிதானமாக வேலை செய்வார். போகும்போது எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: ஏசிக்கு உள்காற்று, வெளிக்காற்று வெப்பநிலையும் கம்ப்ரஸர் இழுக்கும் ஆம்பியரும், பாய்லருக்குப் புகைவாயு அளவுக் கருவி காட்டிய எண்கள். அந்தத் தாளை மெஷினின் பக்கவாட்டிலேயே ஒட்டி வையுங்கள், அடுத்த ஆண்டு வருபவர் முதலில் அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும்.